அழும்போது மட்டும் அறுந்த இணைப்பு

வேலையை விட்ட பிறகு போன வாரம் நான் நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைப் பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள், "அக்கா, வெளிநாட்டுக் கஸ்டமர் லைன்ல வந்தா மொதல்ல இன்னா கேக்கணும்?" ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்கச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் டீயைக் குடித்துவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நான்கு பேரும் படித்துவிடுங்கள்.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்தக் கடையைத் திறந்தபோது எனக்கு வேலை, அரிசி மில்களின் கம்ப்யூட்டரில் தவிட்டுத் தூசி தட்டுவதுதான். பிறகு ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். அங்கே நெட் போனால், தெரியாத மொழியில் யாரிடமோ காத்திருந்து பேசுவதைவிட என்னைக் கூப்பிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. குரலைக் கேட்டதும் சிலர், "டெக்னீஷியன் யாரும் இல்லீங்களா?" என்பார்கள். "நான்தான்" என்பேன். அப்புறம் அக்கா என்பார்கள். அப்படித்தான் நான் எல்லோருக்கும் சர்வீஸ் அக்கா ஆனேன்.

வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடி, பார்த்தேயிராத ஊர்களில் இருக்கும் வீடுகளுக்குள் போய் வந்திருக்கிறேன். அவர்கள் திரையைத் திறப்பேன், ரவுட்டருக்குள் நுழைவேன், சரிசெய்வேன், வெளியே வருவேன். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு நான் வந்துபோனதே தெரியாது. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தினகரன் என்பவர் ஸ்வீடனிலிருந்து கூப்பிட்டது ஒரு கோடைக்காலத்தில். சேத்துப்பட்டுப் பக்கத்துப் பையன், அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். இதமான குரல். எடுத்ததும் சாப்பிட்டீர்களா என்று கேட்பார்.

"அக்கா, வூட்ல பாப்பா எந்நேரமும் போனும் கையுமாவே இருக்குது. நான் ஆபீஸ்ல இருந்தாலும், என் போன்லயிருந்தே பாப்பாவோட நெட்ட மட்டும் கட் பண்ற மாதிரி செஞ்சி குடுங்க."

செய்தேன். ரவுட்டரில் அந்தப் போனுக்கு ‘பாப்பா போன்’ என்று பெயரிட்டு, அவர் விரல் பட்டால் நின்றுபோகும்படி அமைத்தேன். பிறகு அவர் ஒரு கேமரா கேட்டார். ஒலியும் கேட்க வேண்டும், பார்க்க மேசைக் கடிகாரம் மாதிரி இருக்க வேண்டும். "கேமரான்னு தெரிஞ்சா பாப்பா கூச்சப்படும்க்கா." எனக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் வாங்கி வந்ததும் வீடியோவில் கூடத்தைக் காட்டினார். "டிவிக்கு மேல அலமாரியில வையுங்க தம்பி, சோபா முழுசா தெரியும்" என்று இடம் சொன்னதும் நான்தான். லேப்டாப்பையும் அவர் வெளியிலிருந்து திறந்து பார்க்க வழி செய்து கொடுத்தேன். வேலை கச்சிதமாக முடிந்தது. பாப்பாவுக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து மல்லிகா என்ற அம்மா கடைக்கு வந்தார். நெசவுக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். கையில் போனைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார்.

"எம்பொண்ணு சுகன்யா ஃபாரின்ல கீறாக்கா. பேசிகினே இருக்கும்போது லைன் பூடுது. ஒரே பேஜாரா கீது. கொஞ்சம் பாருங்களேன்."

மாப்பிள்ளை பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகளின் எண்ணை வாங்கி அன்று மதியமே வீடியோவில் கூப்பிட்டேன். இருபத்து நான்கு வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். அவள் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். நமக்கு இங்கே நல்ல மதிய வெயில். அங்கே காலை பத்து மணி, ஜன்னலில் அப்போதுதான் ஏதோ வெளிச்சம் வருவதுபோல் இருந்தது.

முக்கால் மணி நேரம் பேசினோம். சமையல், குளிர், பார்த்த சீரியல். இணைப்பு ஒருமுறைகூட ஆடவில்லை. "நல்லாத்தானேம்மா இருக்கு" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு இங்க..."

படம் உறைந்தது. போய்விட்டது.

மறுநாள் மறுபடி முயன்றேன். சுவர் தடுக்கிறது, மைக்ரோவேவ் அடுப்பு குறுக்கிடுகிறது என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சிக்னல் நன்றாகக் கிடைக்கட்டும் என்று சோபாவின் நடுவிலேயே உட்காரச் சொன்னேன். அவளும் சொன்னபடி செய்தாள். அரை மணி நேரம் சுத்தமாக ஓடியது. அம்மா பேச்சு வந்தது. அவள் கண் கலங்கியது. அறுந்தது.

இணைப்புக் கோளாறுக்கு ஒரு தாளம் இருக்கும். மழை பெய்தால் போகும், பக்கத்து வீட்டுக்காரர் படம் பார்த்தால் போகும், லிஃப்ட் ஓடினால் போகும். அதைப் பிடிக்க ஒரு நோட்டில் நேரம் குறிப்பது என் வழக்கம். இங்கே நேரத்தில் எந்த ஒழுங்கும் இல்லை. அதனால் அறுவதற்கு முன்பு அவள் கடைசியாகச் சொன்ன சொல்லைக் குறிக்க ஆரம்பித்தேன். நாலு நாளில், அவள் அம்மாவோடு பேசியதையும் சேர்த்து, நோட்டில் இருந்தவை இவை: எனக்கு இங்க. நான் வந்துடறேம்மா. பாஸ்போர்ட்டு. அழுகை. அழுகை.

எழுதியதைத் திரும்பவும் படித்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மல்லிகாம்மா எனக்கு முன்னாலேயே அதைக் கண்டிருந்தார். தேவிகாபுரம் கோயிலுக்கு பஸ் ஏறிப் போய் விபூதி வாங்கிவந்து, மகளுக்கு அனுப்ப வழி தேடிக்கொண்டிருந்தார்.

"அந்த வூட்ல ஏதோ கீதுக்கா. எம்பொண்ணு சிரிச்சா சும்மா கீது. அழுதா அதுக்குப் புடிக்கல. வாயைப் பொத்துது."

அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். அதை நானே நம்பிச் சொன்னேனா என்று இப்போது தெரியவில்லை.

ஐந்தாம் நாள் சுகன்யாவை லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, அதன் வழியாக அவள் வீட்டு ரவுட்டருக்குள் போனேன். போனில் வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் வந்தது. ஒரு டிவி. ஒரு லேப்டாப். ஒரு கடிகாரம். அதற்குக் கீழே, பாப்பா போன்.

அது என் கை. நான் வைத்த பெயர்கள், நான் வைத்த வரிசை. ஒரு வீட்டுக்குள் இருட்டில் நுழைந்து சுவரைத் தடவும்போது நம் கையெழுத்தே தட்டுப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "ஏம்மா, உனக்கு எத்தனை குழந்தைங்க?"

"குழந்தையா? இல்ல ஆன்ட்டி. கல்யாணம் ஆகி பதினோரு மாசம்தான் ஆவுது. நாங்க ரெண்டு பேர்தான்."

அப்போது திரையில் அம்புக்குறி நகர்ந்தது. என் கை மவுஸில் இல்லை. வெள்ளையாக ஒரு பக்கம் திறந்துகொண்டது. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

‘அக்கா, நல்லா இருக்கீங்களா?’

"நீயாம்மா டைப் பண்றே?" என்று கேட்க வாய் திறந்தேன். போனில் பார்த்தேன். சுகன்யாவின் இரண்டு கைகளும் டம்ளரைப் பிடித்திருந்தன. அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே, டிவிக்கு மேலே, நான் இடம் சொன்ன கடிகாரம் இருக்கும். அதற்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது.

கேட்கவில்லை. வாயை மூடினேன்.

திரையில் அடுத்த வரி விழுந்தது. ‘ஏன்க்கா குழந்தையைப் பத்தி கேட்டீங்க?’

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நம் தொழிலில் கை பழகிவிட்டால் கோளாறைக் கண்டவுடன் சரிசெய்யத்தான் துடிக்கும். தடையை நீக்க எனக்கு இரண்டு நொடி போதும். கடவுச்சொல்லை மாற்றி அவரை வெளியே தள்ளிவிடவும் முடியும். நீக்கியிருந்தால் இணைப்பு சரியாகியிருக்கும். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போகும்போது அங்கே என்ன நடந்திருக்கும்? ஆரணியிலிருந்து நான் அந்தக் கதவைத் திறக்க முடியாது.

மெதுவாக டைப் செய்தேன். ‘தம்பியா? உங்க வீடுதானா இது! பசங்க கேம் ஆடினா நெட் இழுக்கும். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். கேபிள் லூஸ் மாதிரி தெரியுது.’

பதில் வர நேரமானது. அந்த வெள்ளைப் பக்கத்தில் கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

‘சரிக்கா. சாப்பிட்டீங்களா?’

‘ஆச்சு தம்பி.’

பிறகு, அறைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சுகன்யாவிடம் சொன்னேன். "ஒண்ணும் இல்லம்மா. கேபிள்தான். மாப்பிள்ளையே பாத்துக்குவார்." அவள் முகம் விழுந்தது. என்னையும் நம்பி ஏமாந்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள். அந்த முகத்தோடு இணைப்பைத் துண்டித்தேன். என் வேலையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அது.

அன்று மாலையே மல்லிகாம்மா வீட்டுக்குப் போனேன். எதையும் மறைக்காமல் சொன்னேன், நான் அமைத்துக் கொடுத்ததையும் சேர்த்து. அவர் ராட்டையை நிறுத்தினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்ப அது மாப்ளையா?" என்றார். "பேயாவே இருந்திருக்கலாம்க்கா."

மகளிடம் சொந்தமாக சிம் இல்லை, போன் வீட்டு வைஃபையில் மட்டும்தான் வேலை செய்யும் என்று அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். பனியில் போடும் கனத்த ஷூவை மாப்பிள்ளை காலையில் காரில் வைத்து எடுத்துப்போய்விடுவாராம். மறதியாகப் போட்டுவிடுகிறார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். வெளியே முழங்கால் பனி.

"போலீஸுக்கு நாமளே சொல்லிடலாமா? ஜல்தியா எதனா செய்யுங்கக்கா" என்று கேட்டார். நானும் அதைத்தான் யோசித்திருந்தேன். ஆனால் போலீஸ் கதவைத் தட்டும்போது மாப்பிள்ளை பக்கத்தில் நின்றால், அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், அவர்கள் திரும்பிப் போய்விட்டால்? அதோடு, அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளை இதுவரை யாருமே கேட்கவில்லை. நானும்தான்.

கேட்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தக் கேமராவின் கோணம் எனக்குத் தெரியும். அவள் சோபாவில் உட்கார்ந்து போனைப் பிடித்தால், அதற்கு அவள் முகமும் போனின் முதுகும்தான் தெரியும். போன் திரையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் போனுக்குள்ளேயும் அவர் வேறு யார் மூலமாவது ஏதாவது வைத்திருந்தால் எல்லாம் கெட்டது. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தெரியாமலேயேதான் செய்தேன்.

மறுநாள் பகல் இரண்டரை மணி. மல்லிகாம்மா ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். "எது காட்டினாலும் நீங்க பேசிகினே இருக்கணும். நிறுத்தவே கூடாது" என்று சொல்லியிருந்தேன். தடித்த பேனாவால் எழுதிய தாள்களோடு அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

"இன்னாடி சாப்ட்ட?" என்று தொடங்கி, எதிர்வீட்டுக் கல்யாணம், பந்தியில் தீர்ந்துபோன பாயசம் என்று மல்லிகாம்மா பேசினார். நான் முதல் தாளை உயர்த்தினேன்.

முகம் மாறாதே. அம்மாவோடு பேசிக்கொண்டே இரு.

சுகன்யாவின் கண்கள் தாளுக்கு வந்தன. ஒரு நொடி நின்றன. "அப்புறம் பாயசத்துக்கு இன்னா பண்ணாங்க?" என்று கேட்டாள். குரல் துளிகூட மாறவில்லை. அந்தப் பெண் எத்தனை மாதமாக இப்படிப் பழகியிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது தாள். டிவி மேல் இருக்கும் கடிகாரம் கேமரா. அதற்குக் காதும் உண்டு. நெட்டை நிறுத்துவது அவர்தான்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும்!

மூன்றாவது. உனக்கு உதவி வேண்டுமா? வேண்டும் என்றால் தண்ணீர் குடி. வேண்டாம் என்றால் குடிக்காதே. எதுவானாலும் சரி.

மல்லிகாம்மா பேசிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த புடவை, அதன் கரை, அதன் நிறம். சுகன்யா பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தால் போதும். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளர் காலியான பிறகும் அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

நான்காவது தாளை உயர்த்தினேன். சிம் இல்லாவிட்டாலும், நெட் இல்லாவிட்டாலும் உன் போனிலிருந்து அவசர எண் 112 போகும். குளியலறைக்குள் போய்ப் பேசு. பெயர் சொல், விலாசம் சொல், உதவி என்று சொல்.

அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே மல்லிகாம்மாவின் குரல் உடைந்தது. புடவை நிறத்தைச் சொல்ல வந்தவர் "யம்மாடி" என்று அழுதுவிட்டார்.

அறுந்தது.

தாளை அவள் முழுவதும் படித்தாளா? தெரியாது. அவர் சந்தேகப்பட்டாரா, அல்லது வழக்கம்போல் அழுகையைக் கேட்டு நிறுத்தினாரா? அதுவும் தெரியாது. மல்லிகாம்மா தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "ராட்டையச் சுத்துங்க" என்றேன். அவர் சுற்றினார். நூல் ஓடியது. தெருவில் வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. நான் அந்த நான்கு தாள்களையும் மடித்து மடித்து, மேற்கொண்டு மடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக்கினேன்.

ஐந்து மணி ஆகப்போகும்போது தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிறகு சுகன்யா.

"அம்மா, வெளிய வந்துட்டேன். கார்ல உக்காந்துகினு இருக்கேன். போலீஸ்காரம்மா அவங்க ஷூவ குடுத்தாங்க."

அதன்பின் அவள் அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். மல்லிகாம்மாவும் நானும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். லைன் போகவே இல்லை.

அங்கே பெண்களுக்கான ஒரு விடுதியில் இரண்டு மாதம் இருந்தாள். பாஸ்போர்ட் கிடைத்தது. வழக்குக்காக அவள் அங்கேயே தங்க நேர்ந்தது, பிறகு விரும்பியே தங்கிவிட்டாள். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அம்மாவை ஒருமுறை அழைத்துப்போய்ப் பனியைக் காட்டினாள்.

தினகரன் ஒரே ஒரு முறை எனக்குப் போன் செய்தார். அவள் வெளியேறிச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலை நேரத்தில். அதே இதமான குரல்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?"

நான் மின்விசிறியை நிறுத்தினேன்.

"அந்தக் கடைசி நாள் ரெக்கார்டிங் ஒண்ணு எங்கிட்ட இருக்குதுக்கா. தெனமும் பாத்துகினு இருக்கேன். அவங்க அம்மா பாயசம், பொடவைன்னு இன்னமோ பேசுறாங்க. இவ தண்ணி குடிக்கிறா. முழு டம்ளரும் குடிக்கிறா. எதுக்குக்கா அவ்ளோ தண்ணி குடிச்சா?"

"தாகமா இருந்திருக்கும் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுவதும் என்னால் தண்ணீர் குடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் கடையைத் திறந்ததும் பழைய வேலைக் குறிப்புகளை எல்லாம் எடுத்துப் போட்டேன். குழந்தைக்காக என்று சொல்லி நெட்டை நிறுத்தும் வசதியோ, கேமராவோ கேட்டவர்கள் எத்தனை பேர் என்று தேடினேன். பல நாடுகள், பல வீடுகள். எல்லாவற்றையும் நான் கச்சிதமாகச் செய்து கொடுத்திருந்தேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். புதிய வசதி வந்திருக்கிறது, அமைப்பை மாற்ற வேண்டும், குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டேன். பெரும்பாலோர் நான் கேட்ட வாயை மூடுவதற்குள் பதில் சொன்னார்கள். எட்டு வயசுக்கா. பத்தாவது படிக்கிறான்க்கா, தொல்லை தாங்கல.

மூன்று பேர் பதில் சொல்லாமல் போனை வைத்தார்கள்.

அதில் ஒரு வீட்டின் பெண்ணை அவள் அண்ணன் வழியாகக் கண்டுபிடித்துப் பேசினேன். அது வேறு கதை, சொல்ல அவள் அனுமதி தரவில்லை. மற்ற இரண்டு வீடுகளுக்கும் இங்கே சொந்தக்காரர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஊர்களின் பெண்கள் உதவி மையங்களுக்கு எழுதிப் போட்டேன். முழு விலாசம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று பதில் வந்தது. இரண்டு ரவுட்டர்களும் நம் கடைக் கம்ப்யூட்டரின் பட்டியலில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒன்றில் தடை தினமும் போடப்படுகிறது, எடுக்கப்படுகிறது. நான் வேலையை விடும் நாள் வரை காலையில் முதல் காரியமாக அதைப் பார்த்தேன்.

அந்த இரண்டு வீட்டுப் போன் எண்களையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் மேசையின் முதல் இழுப்பறையில் ஒட்டியிருக்கிறேன். அங்கிருந்து யார் கூப்பிட்டாலும் வணக்கம் சொல்லுங்கள். வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். கேபிள் லூஸ் என்று சொல்லுங்கள். எதையும் சரிசெய்துவிடாதீர்கள். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.